பெட்டிக்குத்தான் கூலி

ஜனவரி 9

தூத்துக்குடி கப்பல் ஏஜெண்ட் புத்தாண்டுக்கு அனுப்பிய டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சின்னக் கப்பல். ஆபீஸில் யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு எண். ராட்டர்டாமுக்கு நாற்பதடி கண்டெய்னர் ஒன்று அனுப்ப நவம்பரில் ஆயிரத்து நூறு டாலர். இன்று காலை வந்த விலை மூவாயிரத்து நூறு.

எங்கள் சரக்கு தென்னை நார்த்தூள். ஆனைமலைப் பக்கம் மஞ்சித்தூள் என்பார்கள். மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் எடுத்த பிறகு மிஞ்சுவது. உப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்து, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி அனுப்புகிறோம். அங்கே கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியை மண்ணுக்குப் பதில் இதில் வளர்க்கிறார்கள். கட்டிமேல் தண்ணீர் ஊற்றினால் ஐந்து மடங்கு உப்பும். அதன் மதிப்பே அதுதான்.

மலிவான சரக்கு. கண்டெய்னர் நிறைய வைத்தாலும் நாலாயிரத்துச் சொச்சம் டாலருக்கு மேல் போகாது. அதைச் சுமந்து போகிற கூலி இனி மூவாயிரத்து நூறு.

அந்தக் கூலி எங்களுடையது. நெதர்லாந்தில் எங்கள் சரக்கை வாங்கும் ஹென்ட்ரிக்குக்கு நவம்பரில் விலை எழுதியவள் நான். மற்றவர்கள் எல்லாம் தூத்துக்குடி வரைக்கும் விலை சொல்வார்கள், கப்பல் கூலியை வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான். நான் ராட்டர்டாம் வரை ஒரே விலையாகச் சொன்னேன். நூற்று இருபத்தாறு டன், ஆறு கண்டெய்னர், ஒரு வருடம் மாறாத விலை. அவர் உடனே சரி என்றார். அப்பா ஊர் முழுக்கச் சொன்னார். "என்ற புள்ள சீமை வரைக்கும் வெலை பேசுது."

இன்று விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: "கப்பல்காரனுக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சா?"

"செங்கடல்ல கப்பல அடிக்கறாங்களாம்ப்பா. எல்லாம் ஆப்பிரிக்காவச் சுத்திப் போகுது."

"அவனுக சண்டைக்கு நம்ம மஞ்சித்தூளு என்ன பண்ணுச்சு?"

கழுவும் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது, நாளைக்குச் சுரண்டச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 12

ஏஜெண்ட் ஆபீஸில் ரெக்ஸன் என்று ஒருவர். குரல் மட்டும் தெரியும். முக்கால் மணி நேரம் அவரோடு பேசி பில்லின் ஒவ்வொரு வரியையும் புரிந்துகொண்டேன். அடிப்படைக் கூலி, எண்ணெய்க் கூலி, துறைமுகக் கூலி, சீல் கூலி, காகிதக் கூலி. புதிதாகப் போர் ஆபத்துக் கூலி.

"இந்தப் போர்க் கூலியப் போடறது யாருங்க?"

"கப்பல் கம்பெனி மேடம்."

"கம்பெனில யாரு?"

"அத யாரு கண்டா? எனக்கு மெயில்ல வருது, நான் உங்களுக்கு அனுப்புதேன். எனக்கு மேல உள்ளவருக்கும் மெயில்லதான் வருது."

கடைசியில் ஒன்று சொன்னார். "மேடம், நீங்க சரக்குக்குக் கூலி குடுக்கதா நெனைக்கீங்க. அப்படி இல்ல. பெட்டிக்குத்தான் கூலி. உள்ள தங்கம் வச்சாலும் அவனுக்கு ஒண்ணுதான், உங்க தூள வச்சாலும் ஒண்ணுதான்."

ஐந்நூறு வருடத்துக்கு முன் மிளகு தேடி வந்தவர்கள் அந்த ஆப்பிரிக்க முனையைச் சுற்றித்தான் வந்தார்கள். அந்தப் பயணங்களைப் பற்றிக் கல்லூரியில் விழுந்து விழுந்து படித்தேன். இப்போது நாங்கள் தேங்காய் மட்டையின் தூளை அதே வழியில் திருப்பி அனுப்புகிறோம். முன்பு அந்தப் பக்கங்களில் எனக்கு அலையும் காற்றும் தெரிந்தன. இனி கூலிதான் தெரியும்.

ஜனவரி 24

கூலியில் பாதியாவது ஏற்றுக்கொள்ள முடியுமா என்று ஹென்ட்ரிக்குக்கு எழுதியிருந்தேன். நான்கு முறை திருத்தி எழுதிய கடிதம். பதில் இரண்டு வரி. உங்கள் நிலைமை புரிகிறது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மரியாதையான ஆள். நவம்பருக்குப் பிறகு கூலி பாதியாக இறங்கியிருந்தால் நான் அவருக்கு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேனா?

பிப்ரவரி 3

மூவாயிரத்து எழுநூறு.

பிப்ரவரி 17

இரண்டாவது கண்டெய்னர் இன்று போயிற்று. இதில் ஒரு மாற்றம் செய்தேன்.

இதுவரை கட்டிகளைப் பேலட் என்கிற மரத்தட்டில் அடுக்கி, தட்டோடு உள்ளே தள்ளுவோம். சுற்றிலும் காற்றுப் போக இடம் இருக்கும், ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்கும். அப்படி வைத்தால் நாலாயிரத்து இருநூறு கட்டி. இருபத்தொரு டன். தட்டே இல்லாமல் தரையிலிருந்து கூரைவரை கையால் அடுக்கினால் ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது கட்டி பிடிக்கிறது. ரோட்டில் அனுமதிக்கிற எடைக்கும் உட்பட்டுத்தான். டிசம்பரில் ஒன்று போய்விட்டது. மீதி நூற்றைந்து டன் ஐந்து பெட்டிக்குப் பதில் நாலு பெட்டியில் போய்விடும். ஒரு கப்பல் கூலி முழுதாக மிச்சம்.

ஹென்ட்ரிக் இறக்குகிற சிரமத்துக்குக் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்.

மருதாக்கா கண்டெய்னர் வாசலில் நின்று பார்த்தார். பதினொரு வருடமாகக் களத்தில் இருக்கிறார். ஈரம் பார்ப்பது அவர் வேலை. இரண்டு முள் வைத்த மீட்டரைக் கட்டியில் குத்தி எண்ணைச் சத்தமாகச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். பதினாறுக்கு மேல் இருந்தால் அந்தக் கட்டி திரும்பக் களத்துக்குப் போகும். பாதி நேரம் குத்துவதற்கு முன்னாலேயே, கையில் எடுத்துப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவார். மீட்டர் அதையே காட்டும்.

"ஏங்கண்ணு, கல்யாண மண்டபத்துப் பந்தி மாதிரி நெருக்கி வெச்சிருக்கறயே, மூச்சு முட்டாதா?"

"தூளுக்கு மூச்சு எதுக்குங்க்கா?"

"எனக்கு முட்டுதே, பாக்கறதுக்கே."

ஏற்றுகிற பெண்கள் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 5

கட்டி அழுத்தும் பிரஸ்ஸின் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. கோட்டூரிலிருந்து ஆள் வர இரண்டு நாள்.

கேரளத்தில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் தூத்துக்குடி திரும்பும் லாரிகளைப் பிடித்துத் தரும் ஆள் ஒருவர் கிடைத்திருக்கிறார். வாடகையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று ஏஜெண்டிடம் விலை கேட்டு, இருவர் சொன்னதை மூன்றாமவரிடம் காட்டினால் இன்னும் கொஞ்சம். மாதத்தின் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் புது விலை வருகிறது, அதற்கு முன் பெட்டி துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் பழைய விலை. இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன்.

இவ்வளவும் செய்தபின் டன்னுக்கு நாற்பது டாலர் நட்டம் இருபதாகக் குறைந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது.

மார்ச் 29

மாமா வந்திருந்தார். களத்தைக் கோழித் தீவனக் கிடங்குக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார். அம்மா காப்பி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"வருசம் பூரா வெயில எதிர்பாத்துக் கெடக்கறீங்க மச்சான். கெடங்குன்னா மாசமானா வாடகை வந்து விழுகும்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நெதர்லாந்துக்காரன் இருக்கறவரைக்கும் களம் இருக்கும். அவன் போய்ட்டான்னா ஆவணில சாவியக் குடுத்தர்றேன்" என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஹென்ட்ரிக்கைத் தவிர எங்களுக்கு இருப்பவர்கள் உள்ளூர் நர்சரிக்காரர்கள், பத்து மூட்டை இருபது மூட்டை. களத்தில் இருபத்து மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அவர் ஒரு மெயிலில் எங்களை விட்டுவிட்டால் இருபத்து மூன்று பேரும் வேறு வழி பார்க்க வேண்டும். அதன் காரணம் நவம்பரில் நான் எழுதிய ஒரு விலை என்பது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. அப்பா செங்கடலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 20

மாதத் தொடக்கத்தில் அனுப்பிய மூன்றாவது பெட்டி இன்று கொழும்பிலிருந்து கிளம்பியது. அங்கே பெரிய கப்பலுக்கு மாற்ற இடமில்லாமல் ஒன்பது நாள் கிடந்தது. ஆனால் சரக்கு நல்லபடியாகச் சேர்ந்துவிடும், தூள் அவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று என்றே மருதாக்கா சொல்லிக்கொண்டு போனார். அவர் மகளுக்குக் கோயம்புத்தூர் நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதாம்.

மே 16

நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. டாக்டர் அமிலம் என்கிறார்.

மே 30

ரெக்ஸன் அழைத்தார். குரலில் வழக்கமான சிரிப்பில்லை.

"மேடம், ஒரு கெட்ட சேதி. ஜூன் பதினஞ்சுல இருந்து ஐயாயிரத்து நானூறு. அதுக்கு முன்ன ஒரே ஒரு கப்பல்தான். ஜூன் எட்டாம் தேதிக்குள்ள பெட்டி உள்ள வந்துரணும். எடம் புடிச்சி வச்சிருக்கேன். விட்டுட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கிடுங்க."

இப்போதைய விலை நாலாயிரத்து நூறு. ஒரு வாரம் தவறினால் ஆயிரத்து முந்நூறு டாலர் கூடுதல். சரக்கின் விலையைவிடக் கூலி பெரிதாகிவிடும். அப்படி ஒரு பெட்டியை அனுப்புவதைவிட ஹென்ட்ரிக்கிடம் முடியாது என்று சொல்வது மேல். முடியாது என்றால் களம் இல்லை.

ஜூன் 3

மேகம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நாள் முழுக்கச் சாரல் காற்று. மழை என்று சொல்ல முடியாது, ஆனால் தார்ப்பாயை எடுக்கவும் முடியாது.

ஜூன் 4

மேகம்.

ஜூன் 5

பதினொன்றிலிருந்து இரண்டு வரை வெயில். எல்லோரும் ஓடி ஓடித் தூளைத் திருப்பிப் போட்டோம். நானும் புடைவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். இரண்டேகாலுக்கு மறுபடி சாரல்.

ஜூன் 6

அப்பாவும் அம்மாவும் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கண்டெய்னர் லாரி காலை எட்டரைக்கே வந்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, டயரை உதைத்துப் பார்த்து, டீ கேட்டார்.

மருதாக்கா மீட்டரோடு அடுக்குக்கு அடுக்கு போனார்.

"இருபத்தொண்ணு." அடுத்த அடுக்கு. "இருபத்திரண்டு." அடுத்தது. "இது பத்தொம்பது. இது மறுக்கா இருபத்தொண்ணு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "எழுதலயா கண்ணு?"

"எழுதறேங்க்கா."

"இது இன்னும் ரெண்டு வெயில் பாக்கோணும். ஒடச்சுக் களத்துல போடச் சொல்லட்டுமா?"

"வெயில் எங்கீங்க்கா இருக்குது?"

"அதைத்தான் நானுஞ் சொல்றேன்."

"லாரி நிக்குதுங்க்கா. எட்டாந்தேதிக்குள்ள உள்ள போகோணும். இல்லீன்னா அடுத்த கப்பலுக்கு ஐயாயிரத்து நானூறு."

"அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஈரம்." கட்டியைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். "புடிச்சுப் பாரு. ஈரத்துணி மாதிரி கனக்குது. போற வழியெல்லாம் கடலு. இதைய அந்த நெருக்கத்துல வெச்சா ஊதாம என்ன பண்ணும்?"

நான் வாங்கிப் பார்த்தேன். கட்டி கட்டியாகத்தான் இருந்தது. கப்பல் இருபத்தைந்து நாளில் போய்விட்டால் ஒன்றும் ஆகாது. பெட்டி முழுக்க மூடியிருக்கும், வெளி ஈரம் உள்ளே வர வழியில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் ஏற்றலாம் என்று ஆயிற்று.

மருதாக்கா மீட்டரைத் துடைத்து உறையில் போட்டார். "உன்ற களம். நான் சொல்றதச் சொல்லிட்டேன்." பிறகு அவரும் வரிசையில் நின்று கட்டி தூக்கிக் கொடுத்தார். ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது. நாலு மணிக்குக் கதவைச் சாத்தும்போது இரண்டு பேர் தோள்கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

ஜூன் 7

தரச் சான்றிதழில் ஈரம் என்ற கட்டத்தில் பதினைந்தரை என்று போயிருக்கிறது. அப்பா மயில்சாமி என்று கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாலும் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

பெட்டி இன்று மாலை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்குள் போய்விட்டது. நாலாயிரத்து நூறு.

ஜூன் 8

அருமையான வெயில்.

ஜூன் 20

பெட்டி கொழும்பில்.

ஜூலை 2

பெட்டி கொழும்பில். அங்கே மழை. நான்கு ஊர்களின் வானிலையைப் பார்க்கும் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டிருக்கிறேன். நூலகத்தில் எடுத்த புத்தகம் இருபது நாளாகத் திறக்காமல் கிடக்கிறது. முன்பெல்லாம் வாசிக்கும்போது நானில்லாமல் போவேன். இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கப்பல் மேல்தளத்தில் மூன்றாவது அடுக்கில் ஒரு பெட்டி நிற்கிறது.

ஜூலை 5

கொழும்பிலிருந்து கிளம்பியது. அங்கேயே பதினெட்டு நாள்.

ரெக்ஸனிடம் கேட்டேன், இந்தத் தாமதத்துக்கு யாராவது பொறுப்பேற்பார்களா என்று. "பொறுப்பா?" என்று சிரித்தார். பிறகு, தப்பாகச் சிரித்துவிட்டோமோ என்று பயந்தவர் போல, "ஒங்களுக்கு ஒடம்பு சரியா இருக்கா மேடம்? குரலு ஒரு மாதிரி இருக்கே" என்றார்.

ஆகஸ்ட் 5

படங்கள் வந்தன. பதினொன்று.

முதல் படத்தில் கண்டெய்னரின் கதவு. உள்ளிருந்து யாரோ முதுகால் தள்ளுவது போல வெளியே வளைந்திருக்கிறது. இரண்டாவதில் ஒருவன் கம்பியால் நெம்புகிறான். மூன்றாவதில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே கட்டி என்று எதுவும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரே சுவர், அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை. ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, கூரையில் இடித்து நிற்கிறது. மீதிப் படங்களில் மண்வெட்டியால் வெட்டி வெட்டி எடுக்கிறார்கள்.

சரக்கை நிராகரிப்பதாக எழுதியிருக்கிறார். கொட்டுகிற செலவும் எங்களுடையது. கூடவே ஒரு படிவம். அவருடைய மேலிடம் கேட்கிறதாம். மூன்று கேள்விகள். காரணம் என்ன. யார் பொறுப்பு. என்ன நடவடிக்கை எடுத்தீர்கள். ஒரு வாரத்துக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

அப்பா படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். கதவுப் படத்தை இரண்டு தடவை.

ஆகஸ்ட் 6

எழுதிவிடுகிறேன்.

அப்பா மருதாக்காவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கைபேசியை மேசையில் வைத்து மூன்றாவது படத்தைக் காட்டினார்.

"இதென்ன மருதா?"

மருதாக்கா குனிந்து பார்த்தார். "ஊதிப் போச்சுங்க."

"எதுக்கு ஊதுச்சு?"

"ஈரமுங்க."

"ஈரம் பாக்கறது யாரு?"

"நானுங்க."

அப்பா சான்றிதழை எடுத்துப் போட்டார். "பதினஞ்சரைன்னு போட்டிருக்குது. அதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கறன். பதினஞ்சரை ஈரத்துக்கு இப்படி ஊதுமா? மீட்டரப் பாத்தியா, வாய்க்கு வந்ததச் சொன்னயா?"

"நான் பதினஞ்சரை சொல்லுலீங்க."

"பின்ன?"

"நான் சொன்னது அம்மிணிக்குத் தெரியுங்க. அம்மிணியக் கேளுங்க."

வாசலில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பிரஸ் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா என் பக்கம் திரும்பினார். கோபம் அதற்குள் முகத்திலிருந்து போயிருந்தது. என்னைப் பார்க்கும்போது எப்போதும் போய்விடும். "நீ சொல்லு கண்ணு" என்றார்.

அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்ப்பா என்றேன்.

மருதாக்கா என்னைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. இடுப்பிலிருந்து மீட்டர் உறையை அவிழ்த்து மேசையில் வைத்தார். "அப்பச் சரிங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அப்பா மருந்து சாப்பிடுகிறவர். வாசலில் வேறு ஆட்கள் நின்றிருந்தார்கள். ஹென்ட்ரிக்குக்குப் பதில் போக வேண்டும். களம் நின்றால் மருதாக்காவுக்கும் சேர்த்துத்தானே வேலை போகும்.

ஆகஸ்ட் 7

படிவம் அனுப்பியாயிற்று. காரணம்: ஏற்றுமுன் ஈரம் தவறாக அளக்கப்பட்டது. பொறுப்பு: ஈரம் பார்க்கும் ஊழியர். நடவடிக்கை: பணிநீக்கம். இனி நிர்வாகமே நேரடியாக ஈரத்தைச் சரிபார்க்கும்.

நல்ல ஆங்கிலம். ஒரே மூச்சில் வந்தது, திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 10

மீட்டரை நானே இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். குத்தி, பார்த்து, நானே எழுதுகிறேன். சத்தமாகச் சொல்ல ஆளில்லை. பெண்கள் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார்கள். ஒருத்தி, "இந்த அடுக்கு காஞ்சிருச்சான்னு நீங்களே பாத்துச் சொல்லுங் அம்மிணி, எங்களுக்கென்ன தெரியும்?" என்றாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆகஸ்ட் 14

ஹென்ட்ரிக்கின் பதில்.

தவறை மறைக்காமல் ஒத்துக்கொண்டதையும் உடனே நடவடிக்கை எடுத்ததையும் மேலிடம் பாராட்டுகிறதாம். நிராகரித்த பெட்டியின் தொகையை மெல்லக் கழித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு இருந்த பத்தியை மூன்று தடவை படித்தேன். இவ்வளவு சிறிய நிறுவனம் கப்பல் கூலியைச் சுமக்கும்போது தரத்தில் கை வைக்க நேர்கிறது என்று அவர்கள் கருதுகிறார்களாம். ஆகவே இனி விலை தூத்துக்குடி வரை மட்டும். கூலி அவர்களுடையது. மீதியுள்ள பெட்டிக்கும், அடுத்த வருடப் பன்னிரண்டு பெட்டிக்கும்.

ஜனவரியிலிருந்து நான் கேட்டது இதைத்தான். எத்தனை கடிதம், எத்தனை கணக்கு.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டார். என் தலையில் கை வைத்து, "கப்பல்காரனயே செயிச்சுட்டியே சாமி" என்றார். பொள்ளாச்சியிலிருந்து இனிப்பு வரவழைத்துக் களம் முழுக்கக் கொடுத்தார். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அமிலத் தொந்தரவு, சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 22

பி.எப். படிவத்தில் மருதாக்காவின் கையெழுத்து வேண்டியிருந்தது. ஆள்விட்டு அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். ஆள் கிடைக்கவில்லை.

வேட்டைக்காரன்புதூரில் வீடு. வெளியே கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை ஒதுக்கி இடம் விட்டார்.

"வா கண்ணு. உக்காரு. தண்ணி குடிக்கறயா?"

"வேண்டாமுங்க்கா. கையெழுத்து ஒண்ணு."

நிதானமாக மூன்று இடத்தில் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்தார்.

"கப்பல் கூலி எறங்கீருச்சா?"

"இனி அவங்களே குடுத்துக்கறாங்களாமாங்க்கா."

"அப்பக் களத்துக்குப் பயமில்ல."

"இல்லீங்க்கா."

"அது போதும் போ. இத்தன சனம் இருக்குது." ஒரு துணியை எடுத்து மடித்தார். பிறகு மடிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சமத்தூர்ல நாச்சிமுத்தண்ணன் களத்துல ஈரம் பாக்க ஆள் வேணுமாம். போய்க் கேட்டேன். மயில்சாமி களத்துல இருந்து எதுக்கு நின்னேன்னாரு. நான் ஒண்ணுஞ் சொல்லுல. அவரே போன் பண்ணிக் கேக்கறன்னு சொன்னாரு."

நான் படிவத்தைப் பைக்குள் வைத்தேன்.

"உங்கப்பங்கிட்ட நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாங் கண்ணு. அது உங்க ஊட்டுப் பேச்சு. நாச்சிமுத்தண்ணங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லீரு, மருதாத்தா சொன்ன நம்பர் சரியான நம்பருன்னு. வேற எதுவும் விளக்க வேண்டாம். பதினொரு வருசம் அந்த ஒரு வேலைதான் பழகியிருக்கறேன். புள்ளைக்கு அடுத்த மாசம் பீஸு கட்டோணும்."

சொல்றேங்க்கா என்றேன்.

தெருமுனைவரை கூட வந்தார். வண்டியை எடுக்கும்போது, "மெலிஞ்சு போய்ட்டயே, சோறு கீறு திங்கறயா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 26

நாச்சிமுத்து அவர்களின் போன் எண்ணை விசாரித்து வாங்கிவிட்டேன். அவர் அழைப்பதற்குள் நானே அழைத்துவிடுவதுதான் முறை. என்ன சொல்வது என்று எழுதிக்கூடப் பார்த்தேன். மருதாக்கா சொன்ன எண் சரி என்றால் எந்த எண் தவறு என்று கேட்பார். அவரும் அப்பாவும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். மாதக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

நாளை அழைக்கலாம்.

ஆகஸ்ட் 27

மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனதில் பொழுது போய்விட்டது.

ஆகஸ்ட் 29

கடைசிப் பெட்டி நாளைக்கு. அடுக்கு எல்லாம் பதின்மூன்று, பதினான்கு. பேலட்டில் அடுக்கச் சொல்லியிருக்கிறேன், சுற்றிலும் இடம் விட்டு. அடங்காத ஐந்து டன் அடுத்த வருடப் பெட்டியில் போகட்டும், அவர்கள் கூலிதானே.

ஆகஸ்ட் 30

காலை பத்தரைக்கு ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மயில்சாமி அண்ணன் களமுங்களா? நான் சமத்தூர் நாச்சிமுத்து பேசறனுங்க. அண்ணன் மகளுங்களா? நல்லா இருக்கீங்களா சாமி? ஒண்ணுமில்ல, உங்ககிட்ட மருதாத்தான்னு ஒரு அம்மா இருந்துச்சுங்களே, அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலாம்னு. அந்தம்மா உங்களைத்தான் கேக்கச் சொல்லுச்சு. ஈரம் பாக்கறதுக்கு நம்பி வெக்கலாமுங்களா?"

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி, யார் என்று கண்ணால் கேட்டார்.

"ஒரு நிமிசமுங்க," என்றேன். "அப்பாகிட்டக் குடுக்கறேன்."

களத்துக்கு இறங்கினேன். வெயில் நன்றாக இருந்தது. பெண்கள் தூளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் போட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். அப்பா வெளியே வந்து கண்ணுக்குமேல் கை வைத்துக்கொண்டு, கண்டெய்னர் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மூன்று மணிக்கு என்றேன்.